அழாத பிள்ளைக்குப் பால் கொடுப்பது

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பார்கள். இதை நம்பி உட்கார்ந்திருந்தால் என் மகன் பட்டினி கிடந்திருப்பான். 31 வாரத்தில் 1,340 கிராம் எடையோடு பிறந்தவன். பச்சிளங்குழந்தை ஐசியூவில் 36 நாள் இருந்துவிட்டு, 1,780 கிராமோடு கரூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்த முதல் மூன்று நாளும் பசிக்கு அழவே இல்லை. தூங்கினான், கொஞ்சம் நெளிந்தான், மறுபடி தூங்கினான். பார்க்க வந்த சனமெல்லாம் "என்ன சமத்துப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனது.

37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு அழுவதற்கே தெம்பு பத்தாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பசி முற்றினால் இந்தக் குழந்தைகள் கத்துவதை விடச் சோர்ந்து தூங்கிப் போவதுதான் அதிகம். நாம் கடிகாரத்தைப் பார்த்து, எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் டாக்டரோ நர்ஸோ அல்ல, ஜவுளிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி, என்ன மருந்து என்பதை டிஸ்சார்ஜ் சீட்டு சொல்லும். அதை வீட்டில் எப்படி நடத்துவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சீட்டோடு கிளம்புவதற்கு முன்

எங்கள் சீட்டில் "25 மி.லி., 2 மணிக்கு ஒரு தரம்" என்று இருந்தது. ஒரு நாளைக்கு 12 தரம், மொத்தம் 300 மில்லி. இந்தக் குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 180 மில்லி வரை என்று கணக்குப் போடுவார்கள். எடை ஏற ஏற அளவும் ஏறும். அதனால் "இந்த அளவு எத்தனை நாளைக்கு, அடுத்து எப்போது கூட்ட வேண்டும்" என்று கேட்டு, அதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நான் கேட்காமல் வந்துவிட்டேன். சிரிஞ்சில் அளந்து, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் ஊட்டி, ஏப்பம் விட வைப்பதை நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே நீங்களும், வீட்டில் ராத்திரி உதவப்போகும் இன்னொருவரும் ஒரு முழு நாள் செய்து பாருங்கள். எங்களுக்கு அந்த இன்னொருவர் என் மாமியார். முதல் தடவை அவருக்குக் கை நடுங்கியது. நாலாம் தடவை என்னைவிட நன்றாக ஊட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அடுப்படி மேடையில் வைத்தோம். மணி, எத்தனை மில்லி, மார்பிலா பாலாடையிலா, ஒண்ணுக்கு, மலம். வேறு எதுவும் எழுதவில்லை. தூக்கமில்லாத தலைக்கு, மூன்று மணிக்குக் கொடுத்தோமா ஒரு மணிக்குக் கொடுத்தோமா என்பது சத்தியமாக நினைவிருக்காது.

பாலாடை

பாலாடையைப் பற்றி ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் அமுச்சி காலத்திலிருந்தே வீட்டில் கிடப்பதுதான். ஆனால் மருந்து புகட்டுகிற அதே பழக்கத்தில் பாலையும் புகட்டினால் ஆபத்து. தலையைப் பின்னால் சாய்த்து, வாய்க்குள் கவிழ்த்து, மூக்கைப் பிடித்து முழுங்க வைக்கிற முறை இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. மூச்சு விடுவதும் முழுங்குவதும் இன்னும் சரியாக ஒத்துப்போகாத தொண்டை அது. பால் சட்டென்று மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

முதலில் முழுதாக எழுப்புங்கள். சுற்றியிருக்கும் துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து, டயப்பரை மாற்றினால் பெரும்பாலும் கண் திறக்கும். அரைத்தூக்கத்தில் இருக்கும் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். கைகள் உள்ளே இருக்குமாறு மெல்லிய துணியால் சுற்றி, மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள். உங்கள் இடது உள்ளங்கை அவன் கழுத்தையும் தோளையும் தாங்கட்டும். தாடைக்குக் கீழே ஒரு மடித்த துணி.

பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில், வாயின் ஓரமாக வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்தால் போதும். நாக்கு தானாக வெளியே வரும், நக்கும், உறிஞ்சும். முழுங்கினானா என்று தொண்டையைப் பாருங்கள். முழுங்கியபின் அடுத்தது. இரண்டு மூன்று முழுங்கலுக்கு ஒரு தரம் பாலாடையைச் சற்று இறக்கி மூச்சு வாங்க விடுங்கள். ஓரத்தில் வழிந்தால், எத்தனை வழிந்தது என்று குத்துமதிப்பாகக் கணக்கில் கழியுங்கள். கழுத்துத் துணி தொப்பலாக நனைந்திருந்தால் 25 மில்லியில் பிள்ளைக்கு 15 போயிருந்தாலே பெரிது.

எங்கள் பாலாடை 10 மில்லி பிடிக்கும். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஊற்றி அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பாலாடை வேறு வேறு அளவு பிடிக்கலாம். சோப்பு போட்டுக் கழுவி, மூழ்கும் அளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நாலு பாலாடை. ராத்திரி ஒரு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கத் தெம்பு வேண்டுமே.

பாட்டிலை வேண்டாம் என்றுதான் எங்கள் டாக்டரம்மா சொன்னார். நிப்பிளின் உள்மடிப்பில் தங்கும் பாலை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஏறின எடையெல்லாம் இரண்டே நாளில் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

புரையேறினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். முன்பக்கம் சாய்த்து உட்கார வைத்து முதுகை மெல்லத் தடவுங்கள், மூச்சு சீராகட்டும். உதடு நீலமாக மாறி உடனே நிறம் திரும்பாவிட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், 108. உச்சி ஊதுவது, மூக்கில் ஊதுவது என்று ஒருவர் தொடங்குவார். விடாதீர்கள்.

மார்பில் குடிப்பது போல இருப்பது

நான் செய்த தவறு இங்கேதான். வந்த மறுநாள் பெரியவர்கள் ஒருவர் "பெத்த தாய் மார்ல பால் இருக்கறப்ப கரண்டில ஊத்தறது என்ன கண்ணு பழக்கம்" என்றார். எனக்கும் ஆசைதான். பாலாடையை நிறுத்திவிட்டு மார்பிலேயே விட்டேன். அரை மணி, முக்கால் மணி வாயை வைத்துக்கொண்டே கிடந்தான். குடிக்கிறான் என்று பூரித்துப் போனேன். நாலாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டால் 1,800. நாலு நாளில் 20 கிராம். ஒரு நாளைக்கே 20 முதல் 30 கிராம் ஏற வேண்டிய பிள்ளை.

காம்பை வாயில் வைத்திருப்பது வேறு, குடிப்பது வேறு. நிறைமாதப் பிள்ளை தொடர்ந்து பத்து இருபது தரம் சப்பி இழுக்கும். இவன் மூன்று நாலு சப்பு, பிறகு நீண்ட ஓய்வு, பிறகு தூக்கம். குடிக்கிறானா என்று தெரிந்துகொள்ளத் தாடையைப் பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். தாடை ஆழமாக இறங்கி, "க்ளக்" என்று மெல்லிய முழுங்கல் சத்தம் வந்தால் பால் போகிறது. கன்னம் குழிந்து, பொய்யாக மென்றுகொண்டிருந்தால் போகவில்லை.

அன்றிலிருந்து இப்படிச் செய்தோம். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை. அதற்கு மேல் போனால் குடிப்பதைவிடக் குடிக்கும் உழைப்பில் செலவாவது அதிகம். பிறகு பீய்ச்சி வைத்த பால் பாலாடையில். எல்லாம் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அடுத்த வாரம் எடை 1,990. வாரம் போகப் போக மார்பில் குடிக்கும் நேரம் தானாகக் கூடியது, பாலாடையில் மிச்சம் வைப்பது கூடியது. பாலாடையை முழுக்க விட்டது 2,600 கிராமில். அதற்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது, எடை ஏறுவதைப் பார்த்து ஒவ்வொரு வேளையாக விட்டோம்.

பிடிக்கும் முறையும் முக்கியம். மடியில் குறுக்கே போட்டு முழங்கை வளைவில் தலையை வைக்கும் வழக்கமான பிடியில் இவன் தலை தொங்கிப் போனது. கக்கத்துக்கடியில், கால்கள் என் முதுகுப் பக்கம் போகுமாறு வைத்து, தலையை என் உள்ளங்கையில் தாங்கிக் கொடுத்தபோது வாய் பிடித்தது. பக்கத்தில் இரண்டு தலையணை வேண்டும். தாடை தளர்ந்து போனால் சுட்டுவிரலால் அவன் தாடையைக் கீழிருந்து லேசாகத் தாங்குங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கும், பாலும் வராது. கருவட்டம் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும்.

பால் ஊறுவது எதனால்

வெந்தயக் களி, பூண்டுப் பால், சுறாப்புட்டு எல்லாம் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ஆனால் பால் கூடியது எடுக்க எடுக்கத்தான். ஒரு நாளைக்கு எட்டு தரம், அதில் ஒரு தரமாவது நடுச்சாமத்தில். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார், என் அனுபவமும் அதுதான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்ற பத்தியம் மட்டும் வேண்டாம். தாகத்துக்குக் குடிக்க வேண்டும்.

கையால் பீய்ச்சப் பழகுங்கள், பம்ப் இல்லாவிட்டாலும் ஓடும். வெந்நீர்த் துணியால் ஒத்தடம். பெருவிரலும் சுட்டுவிரலும் கருவட்டத்தின் ஓரத்தில். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலில் வழுக்கி இழுத்தால் புண்ணாகும். முதலில் வருவது தண்ணீர்ப் பால், பிந்தி வருவது கொழுப்புள்ள பால். எடை ஏறாத வாரத்தில் டாக்டரம்மா முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பின்பாலைக் கொடுக்கச் சொன்னார்.

எடுத்த பால், மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில், வெளியில் நாலு மணி நேரம். கரூர் சித்திரை வெயிலில் நான் அதைக்கூட விடவில்லை. ஃப்ரிட்ஜின் உள்தட்டில் 24 மணி நேரம், கதவில் வைக்கக் கூடாது. மூடியில் எடுத்த மணியை எழுதி ஒட்டுங்கள். சூடாக்க, கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் அதன் நல்லதெல்லாம் கெடும். மிச்சமானதை மறுவேளைக்கு வைக்காதீர்கள்.

சிலருக்குத் தாய்ப்பாலில் கலக்கும் சத்துப்பொடி எழுதிக் கொடுப்பார்கள். எங்களுக்கு 25 மில்லிக்கு ஒரு பாக்கெட். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படியுங்கள். குறைந்த பாலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டுவது பிள்ளையின் குடலுக்குக் கேடு. கொடுக்கும் வேளையில் மட்டும் கலக்க வேண்டும். தாய்ப்பால் போதவே போதாமல் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால், அளவு ஸ்பூனைத் தட்டையாக வழித்து, டப்பாவில் சொன்ன தண்ணீருக்கு மட்டும். டப்பா தீர்ந்துவிடும் என்று தண்ணீரைக் கூட்டுகிற வீடு உண்டு. வயிறு நிறையும், எடை ஏறாது. பசும்பால் ஒரு வயது வரை வேண்டாம்.

நெஞ்சோடு நெஞ்சு

கங்காரு முறை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் பத்தாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, என் வெற்று நெஞ்சில் தவளை போல ஒட்ட வைத்து, மேலே பழைய காட்டன் சேலையால் கட்டிக்கொள்வேன். இதை எதற்குப் பால் கொடுக்கும் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், குளிர்ந்த பிள்ளை குடிக்காது. வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்று இருந்தால், அவன் சாப்பிட்டதெல்லாம் உடம்பைச் சூடாக்கவே போகிறது. நெஞ்சில் கிடந்து எழுந்தவன் நன்றாகக் குடிப்பான், எனக்கும் பால் தானாகக் கசியும். என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரை வைத்திருப்பார். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் குளித்துச் சாப்பிட்டேன். 2,500 கிராம் தாண்டியதும் அவனே நெளிந்து வெளியே வந்துவிட்டான்.

கொடுத்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம், பிறகு இருபது முப்பது நிமிடம் நிமிர்ந்தபடி. தயிர் போலக் கொஞ்சம் கக்குவது சாதாரணம். தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

சேனைத் தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு, தெருவில் விற்றுக்கொண்டு வரும் கழுதைப்பால். இத்தனையும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. தேனில் சிசுக்களைத் தளர்த்திப்போடும் கிருமி இருக்கலாம், ஒரு வயது வரை ஆகாது. மற்றவை தொற்றைக் கொண்டுவரும், இல்லாவிட்டால் 25 மில்லி வயிற்றில் பாலுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரியவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. "டாக்டரம்மா திட்டுவாங்க அத்தை" என்று பழியை அவர் மேல் போட்டேன். அத்தையே பிறகு வாசலில் நின்று எல்லாரையும் அந்த வாக்கியத்தால் திருப்பி அனுப்பினார்.

சொட்டு மருந்துகளில் மட்டும் கவனம். வைட்டமின் டி நாளொன்றுக்கு 400 யூனிட் என்பார்கள். ஆனால் ஒரு பாட்டிலில் ஒரு மில்லிக்கு 400, இன்னொன்றில் 800. ஒரு தடவை மருந்துக்கடையில் எப்போதும் வாங்கும் பாட்டில் இல்லை என்று வேறு கொடுத்துவிட்டார்கள், அளவு இரட்டிப்பு. அட்டையைப் படித்ததால் தப்பித்தோம். இரும்புச் சத்துச் சொட்டும் அப்படித்தான். தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில் சேர வேண்டிய இரும்பு இவர்களுக்குச் சேராததால், பெரும்பாலும் ஒரு வயது வரை கொடுக்கச் சொல்வார்கள். மலம் கரும்பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்றால்: நேற்றுவரை குடித்தவன் இன்று இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காமல் துவண்டு கிடந்தால், ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு ஆறு தரத்துக்குக் குறைந்தால், வயிறு உப்பிக் கல் போலானால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கண்டால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், காய்ச்சல் அடித்தாலும் சரி, சில்லிட்டுப் போனாலும் சரி. இதில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தரம் போனோம், ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். வெட்கப்படவில்லை.

எடையை ஒரே மிஷினில், உடுப்பில்லாமல், வாரம் ஒரு தரம். தினமும் போட்டால் நிம்மதி போய்விடும். அங்கன்வாடி மிஷினுக்கும் ஆஸ்பத்திரி மிஷினுக்கும் எங்களுக்கு 60 கிராம் வித்தியாசம் வந்தது.

சோறு எப்போது

தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போடுவார்கள். சோறூட்டுவதற்கு எங்கள் டாக்டரம்மா திருத்திய வயதைப் பார்க்கச் சொன்னார். 40 வாரத்தில் 9 வாரம் முன்னால் வந்தவன், அதனால் அந்த 9 வாரத்தைக் கழிக்க வேண்டும். நாட்காட்டியில் எட்டு மாதம் ஆனபோதுதான் அவனுக்கு ஆறு மாதம். அக்கம்பக்கத்தில் "ஏழு மாசமாச்சே, இன்னும் வெறும் பால்தானா" என்று கேட்காத ஆளில்லை. தலை நிற்க வேண்டும், பிடித்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளுவது நின்றிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு எந்த மாதம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேக வைத்து, ஒரு சொட்டு நெய், உப்பு இல்லாமல், சாய்த்தால் ஸ்பூனிலிருந்து வழியாத பதத்தில். தண்ணீராகக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறைகிறதே தவிரச் சத்து இல்லை. இரண்டு வாரம் கழித்து கேழ்வரகுப் பால், பிறகு முருங்கைக்கீரை மசித்தது, முட்டை மஞ்சள்கரு, ஆட்டு ஈரல் சுண்டு விரல் நுனி அளவு. முதல் நாள் இரண்டு ஸ்பூன் போனது, மூன்றாவதை என் முகத்தில் துப்பினான். பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து, மணி 10.20, இரண்டு ஸ்பூன் என்று எழுதினேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, துப்பினதையும் எழுது என்றார்.